நாச்சியாரின் அண்ணன் மேடையேறிய மாலை

“அக்கா, நாடகம் நடந்துக்கிட்டு இருக்கும்போது சம்பந்தமில்லாத ஆளு யாராவது மேடைக்கு ஏறிட்டா என்ன செய்யணும்?” என்று போன வாரம் மும்தாஜ் கேட்டாள்.

மும்தாஜ் கடையநல்லூர்ப் பெண். எங்கள் நாடகக் குழுவுக்குப் புதியவள். ‘நல்லபேரு நாச்சியார்’ நாடகத்தில் நான் போட்டுவந்த நாச்சியார் வேடத்தை இனி அவள்தான் போடப்போகிறாள். எனக்கு அரசுப் பள்ளியில் தமிழாசிரியை வேலை கிடைத்துவிட்டது. அதனால் முப்பத்திரண்டு வயதில் மேடையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். ஓய்வு என்று நான் சொன்னதும் குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரே வேடத்தை ஊர் ஊராகப் போட்டு, ஒரு தடவைகூட வசனம் மறக்காமல் இறங்குகிறவளுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்த உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

மும்தாஜுக்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். அவள்தான், “வாயால சொன்னா மறந்துருவேன், எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்றாள். அவள் கேள்விக்கு மூன்று சொல்லில் பதில் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று சொல்லையும் அவள் நம்பவேண்டுமானால், சங்கரன்கோவிலில் ஒரு மாலை நடந்ததை முழுதாகச் சொல்லவேண்டும்.

என் அம்மாவும் அப்பாவும் கரிவலம்வந்தநல்லூரில் கூலிக்கு வயல் வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதலில் கல்லூரி போனவளும் நான்தான். கல்லூரி ஆண்டுவிழாவில் ஒரு நாடகத்தில் நடித்தேன். அதைப் பார்க்க வந்திருந்த ராபியா டீச்சர் என்னைக் கூப்பிட்டு, “நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வா. அழுகைய இங்கனயே வச்சுட்டு வா” என்றார். அந்த நாடகத்தில் நான் நிறைய அழுதிருந்தேன். அடுத்த ஒரு வருடம் கதவைத் திறப்பதும், காப்பித் தட்டைக் கொண்டுவந்து வைப்பதும்தான் மேடையில் எனக்கு வேலை. அந்த வருடத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. தட்டு நன்றாகப் பழகிவிட்டது.

ராபியா டீச்சர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஆண்டுவிழாவுக்கு அவர் எழுதிய நாடகங்களைப் பார்க்கப் பெற்றோரை விட வெளியாட்கள் அதிகம் வரத் தொடங்கியதும், வேலையை விட்டுவிட்டுத் தனியாகக் குழு ஆரம்பித்தார். அவருடைய கணவர் வளைகுடாவில் கடை வைத்திருந்தார். லீவில் வரும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்த்துவிட்டு, எங்கள் எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போவார். “உங்க டீச்சர் வீட்டுலயும் இப்படித்தான், வசனம் தப்பாச் சொன்னா திருப்பிச் சொல்லச் சொல்லுவா” என்பார்.

டீச்சரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒன்று, ஒத்திகையின்போது எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். சுவரைப் பார்த்துக்கொண்டு காதால் மட்டும் கேட்பார். “பாத்தா முகத்தப் பாத்து ஏமாந்துருவேன். பொய்யி குரல்லதான் தெரியும்” என்பார். நான் எத்தனையோ தடவை அவர் முதுகைப் பார்த்து நடித்திருக்கிறேன். அந்த முதுகு அசையாமல் இருந்தால் நன்றாக இருக்கிறது என்று பொருள். கழுத்து லேசாகச் சாய்ந்தால் எங்கேயோ பொய் வந்துவிட்டது.

இன்னொன்று, அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக “ஏட்டி கோமதி” என்பவர், கொஞ்சம் எரிச்சலானால் “கோமதி” என்பார். இன்னும் கூடினால் “நீங்க”. உச்சத்துக்குப் போனால் “கோமதி அம்மையார் அவர்கள் தயவுசெய்து மறுபடியும் உள்ளே நுழையவேண்டும்” என்று மேடைத் தமிழில் வரும். அம்மையார் பட்டம் எனக்கு முதல் வருடத்திலேயே கிடைத்துவிட்டது.

‘நல்லபேரு நாச்சியார்’ அவர் எழுதிய நகைச்சுவை நாடகம். கதை எளியது. ஊரில் பெரிய வீட்டு அம்மாள் நாச்சியார். யார் ஒழுக்கமானவர், யார் இல்லை என்று அவள் வாயிலிருந்து வந்தால்தான் ஊரில் பெண் எடுப்பார்கள், பெண் கொடுப்பார்கள். தேன்மொழி என்ற பள்ளி ஆசிரியை கூட வேலை செய்கிறவரின் பைக்கில் மழைக்கு ஏறி வந்ததைப் பார்த்துவிட்டு, “அந்தப் பிள்ளையா?” என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லி அவள் கல்யாணத்தையே நிறுத்திவிடுகிறாள். ஆனால் நாச்சியாரின் வீட்டுக்காரர், அரிசி ஆலை அண்ணாச்சி, வெள்ளிக்கிழமைதோறும் கோவிலுக்கென்று காரில் கிளம்பிப் போவது பக்கத்து ஊரில் இன்னொரு வீட்டுக்கு. கடைசிக் காட்சியில் ஊர் அவருக்கே ‘ஒழுக்கச் செம்மல்’ பட்டம் கொடுக்கிறது. அதற்குச் சற்று முன்புதான் நாச்சியாருக்கு எல்லாம் தெரியவருகிறது. தட்டில் சால்வை இருக்கிறது. அவள்தான் போர்த்தவேண்டும். போர்த்துவாளா, மாட்டாளா என்பதில்தான் நாடகம் முழுக்க நிற்கிறது.

நாச்சியார் வேடம் எனக்கு என்று டீச்சர் சொன்னபோது குழுவில் சிலர் முகம் மாறியது. எனக்கு மாறவில்லை. பெரிய வீட்டு அம்மாள் எப்படிப் பேசுவாள் என்பதை மட்டும் டீச்சர் சொன்னார். “அவ சத்தமாப் பேசமாட்டா. மத்தவங்க பக்கத்துல வந்து குனிஞ்சு கேக்கணும், அந்த அளவுக்குத்தான் பேசுவா. குனிய வைக்கதுதான் பணம்.” நடையை யாரும் சொல்லித்தரவில்லை. விடுமுறை நாட்களில் அம்மாவோடு போய், தலையில் நாற்றுக்கட்டு வைத்து வரப்பில் நடந்தவள் நான். வரப்பில் நடக்கிறவள் கழுத்தை ஆட்டமாட்டாள். பட்டுச்சேலை கட்டி அதே கழுத்தோடு நடந்தேன். நான் காலடி வைத்து வந்த விதத்தைக் கேட்ட டீச்சர் முதுகு அசையவில்லை. “குறையில்ல” என்றார். அவர் வாயிலிருந்து வரும் அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

இனி மும்தாஜ் கேட்ட விஷயம்.

எங்கள் பக்கத்தில் நாடகம் என்பது திரை திறந்ததும் தொடங்கித் திரை மூடியதும் முடிகிற காரியம் இல்லை. மைக் செட் கொடுத்தவருக்கு நடுவில் சால்வை போர்த்தவேண்டும். தாமதமாக வந்த பிரமுகருக்கு மாலை போடவேண்டும். “காணாமல்போன குழந்தை மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது” என்று அறிவிக்கவேண்டும். யாராவது ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு ஏறிவந்து நடிகைக்கு ரூபாய் நோட்டைக் குத்திவிடப் பார்ப்பார். இதையெல்லாம் நிறுத்த முடியாது என்று டீச்சருக்குத் தெரியும். அதனால் அதற்கும் ஒத்திகை வைத்தார்.

நாங்கள் காட்சியில் இருக்கும்போது யாரையாவது ரகசியமாக அனுப்பிவிடுவார். பக்கத்துத் தெரு டீக்கடைக்காரர் தூக்குவாளியோடு நடுவில் வந்து நிற்பார். ஒரு நாள் தண்ணீர் கேன் போடுகிறவர் தோளில் கேனோடு வந்து, “எங்க வைக்க?” என்றார். கதையை நிறுத்தாமல், அவரை அவமானப்படுத்தாமல், கதைக்குள்ளேயே ஏற்று, கதைக்குள்ளேயே அனுப்பவேண்டும். அதற்கு டீச்சர் வைத்திருந்த முறை: முதலில் உறவு சொல். அடுத்து இருக்கை கொடு. பிறகு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி கேள். “உறவு சொல்லிட்டா அவன் கதைக்குள்ள வந்துட்டான். உக்கார வச்சுட்டா அலைய மாட்டான். கேள்வி கேட்டுட்டா அவனுக்கும் ஒரு வசனம் ஆச்சு, சந்தோசமா எறங்கிப் போவான்.” தண்ணீர் கேன்காரரிடம் நான், “வாங்க சித்தப்பா, கல்யாண வீட்டுக்குத் தண்ணி கொண்டாந்துட்டீங்களா?” என்றேன். அவர் உண்மையாகவே, “ஆமா, இன்னும் நாலு கேன் வண்டியில இருக்கு” என்றார். டீச்சர் முதுகு குலுங்கியது. சிரிப்பில்.

அந்த முறையை நான் முதலில் உண்மையாகப் பயன்படுத்தியது இளையரசனேந்தலில். கோவில் கொடைத் திருவிழாவுக்கு நாடகம். நடுக்காட்சியில் ஒருவர் வெள்ளை வேட்டி சட்டையோடு ஏறிவந்தார், கையில் நோட்டும் குண்டூசியும். மேடைக்குக் கீழே விசில். என் தோளை நோக்கிக் கை வருகிறது. நான் நாச்சியார் குரலில், சத்தமில்லாமல், “அண்ணே, தங்கச்சி வீட்டுக்குச் சீர் கொண்டாந்தீகளா? இந்தா, தட்டுல வைங்க” என்று தட்டை நீட்டினேன். அண்ணன் என்று சொன்ன பிறகு எந்த அண்ணன் தங்கச்சி தோளில் ஊசி குத்துவான்? நோட்டைத் தட்டில் வைத்தார். “மதினி வரலியாண்ணே?” என்றேன். கீழேயிருந்து ஒரு பெண் குரல், “இங்கனதான் இருக்கேன், வரட்டும் அவரு” என்றது. கூட்டம் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துக்கொண்டே இறங்கிப்போனார். அதற்குப் பிறகு எங்கள் நாடகத்தில் யாரும் குண்டூசியோடு ஏறியதில்லை.

சங்கரன்கோவிலில் நடந்தது அவ்வளவு சுலபம் இல்லை.

ஆவுடையப்பன் அண்ணாச்சியை ஊரில் தெரியாதவர் கிடையாது. மில்லும், கல்யாண மண்டபமும், கரிவலம் பக்கம் வயலும் உள்ளவர். கோவில் கொடை, பள்ளி விழா, கடை திறப்பு, எதுவானாலும் முதல் சால்வை அவருக்கு. ஆடித் தபசுத் திருவிழாவை ஒட்டி அவருடைய மண்டபத்தில் எங்கள் நாடகத்தை வைக்க ஒத்துக்கொண்டார். அது வரைக்கும் நாங்கள் கிராமங்களில்தான் போட்டுக்கொண்டிருந்தோம். நகரத்துக் குடும்பங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கப்போகிற முதல் மேடை அதுதான்.

முந்தின நாள் மேடை அளவு பார்க்க டீச்சரும் நானும் போனோம். அண்ணாச்சி மண்டப ஆபீசில் இருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் டீச்சரிடம் பேசினார்.

“டீச்சர், நாடகத்துல ஒரு குத்தமும் சொல்லல. அந்த நாச்சியார் வேசத்துக்கு இந்தப் பிள்ளைதானா?”

“ஆமா அண்ணாச்சி.”

“இவ ஆத்தா நம்ம வயல்ல நாத்து நடுதா. நாத்து நடுதவ மக நாச்சியாருன்னு வந்து நின்னா ஊரு சிரிக்காதா? முன்வரிசையில டாக்டர் வீட்டம்மா, நகைக்கடை வீட்டம்மா எல்லாம் வாராக. வேலைக்காரி வேசம் ஒண்ணு இருக்குல்லா, அதக் குடுங்க. பாந்தமா இருக்கும்.”

எனக்குக் காது சூடானது. காப்பித் தட்டு கண்முன் வந்தது. டீச்சர் புன்னகையோடு சொன்னார்: “மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.”

மேடைத் தமிழ் வந்துவிட்டது. டீச்சருக்கு எவ்வளவு கோபம் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

“ஒரே ஒரு வேண்டுகோள், அண்ணாச்சி. நாளை ஒரு முறை பாருங்கள். பார்த்துவிட்டு, ‘இவள் நாச்சியார் இல்லை’ என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். அடுத்த நாளிலிருந்து வேடத்தை மாற்றிவிடுகிறேன்.”

“வாக்கு மாறமாட்டியளே?”

“மாறமாட்டேன்.”

“சரி. நானே சொல்லுதேன்” என்றார். சொல்வதற்குத் தயாராகத்தான் இருந்தார்.

வெளியே வந்ததும், “ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீங்க? அவரு பிடிக்கலன்னுதான சொல்லுவாரு” என்றேன். “மண்டபம் அவருது. இன்னைக்கே இல்லைன்னா நாளைக்கு நாடகமே இல்ல. உனக்கு ஒரு சாயங்காலம் வாங்கித் தந்திருக்கேன். அத என்ன செய்யணுமோ செஞ்சுக்கோ” என்றார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, “அவரு சொன்னதுல பொய் என்ன இருக்கு? நான் நாத்து நடுதவதானே” என்றாள். அகப்பையால் ஒரு தடவை கிளறிவிட்டு, “நல்லா நடுதவ” என்றாள்.

மறுநாள் மாலை மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் நடுவில் அண்ணாச்சி, பக்கத்தில் அவர் வீட்டம்மா. கடைசியில் சுவரோரமாக என் அம்மா, கூட வயல் வேலை செய்கிற பெண்களோடு. தொடங்குவதற்கு முன் அண்ணாச்சியின் ஆள் ஒருவர் உள்ளே வந்து, “அண்ணாச்சிக்கு எப்ப மரியாதை?” என்று கேட்டார். நாடகத்தை நடுவில் நிறுத்த விரும்பாத டீச்சர், “கடைசியில கூப்பிடுதோம்னு சொல்லுங்க” என்றார். அது ஒரு சாதாரணப் பதில். அதில் என்ன ஒளிந்திருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நாடகம் நன்றாகப் போனது. அடக்கிச் சொல்ல எனக்குக் காரணமில்லை, மிக நன்றாகப் போனது. “அந்தப் பிள்ளையா?” என்று நான் ஒரு புருவத்தை மட்டும் தூக்கிச் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த பெரிய வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியும் பக்கத்திலிருப்பவளைத்தான் நினைத்திருக்கவேண்டும். அண்ணாச்சி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் காட்சி வந்தது. பாராட்டு விழா. மேடையில் மேடை. விழா அறிவிப்பாளராக நடிப்பவர் பரமசிவம் அண்ணன். ஊரில் உண்மையான விழாக்களுக்கும் அவர்தான் மைக் பிடிப்பார். அந்தக் குரலுக்காகத்தான் டீச்சர் அவரைச் சேர்த்திருந்தார். நான் கையில் சால்வைத் தட்டோடு நிற்கிறேன். என் புருசனாக நடிக்கும் சுடலைமுத்து பக்கத் திரைக்குப் பின்னால் தயாராக இருக்கிறான். பரமசிவம் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

“ஒழுக்கத்தின் உறைவிடம், பண்பின் சிகரம், கறைபடாத கரங்களுக்குச் சொந்தக்காரர், நமது மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்.”

ஒத்திகையில் எத்தனையோ தடவை கேட்ட வரி. எழுதியவர் டீச்சர், படித்தவர் பரமசிவம் அண்ணன், கேட்டவர்கள் நாங்கள். கிராமங்களில் ஒரு சிக்கலும் வந்ததில்லை. ஆனால் இந்த ஊரில் அந்தக் குரல் அந்த வார்த்தைகளைச் சொன்னால் எழுந்துவந்தே பழகிய கால்கள் இரண்டு முன்வரிசையில் இருந்தன. கடைசியில் கூப்பிடுவோம் என்று வேறு சொல்லியிருந்தோம்.

ஆவுடையப்பன் அண்ணாச்சி எழுந்தார். துண்டைச் சரிசெய்தார். கைகூப்பி நாலு பக்கமும் வணங்கிக்கொண்டே பக்கப் படி வழியாக ஏறி, மேடையின் நடுவில் வந்து, எனக்கு முன்னால் கழுத்தை லேசாக வளைத்து நின்றார். சால்வைக்காக.

அடுத்த கணம் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அப்புறம் இன்னொன்று. வெள்ளிக்கிழமைக் கோவிலுக்குப் போகிற அந்தப் புருசனின் இடத்தில் யார் வந்து நிற்கிறார் என்பது மெல்ல மெல்ல எல்லோருக்கும் புரியத் தொடங்கியது. பரமசிவம் அண்ணன் மைக்கைப் பிடித்தபடி சிலையாகிவிட்டார். திரைக்குப் பின்னாலிருந்து சுடலைமுத்துவின் தலை நீண்டு, திரும்பி உள்ளே போனது.

அண்ணாச்சி சிரிப்பைக் கேட்டு நிமிர்ந்தார். என் சேலையைப் பார்த்தார், பரமசிவத்தைப் பார்த்தார், விளக்குகளைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. நெற்றியில் வேர்வை. கீழே இறங்கினால் ஊர் ஆயுசுக்கும் சிரிக்கும். நின்றால் கறைபட்ட புருசனாக நிற்கவேண்டும். ஊரில் யாருக்கு எந்த வேசம் பொருந்தும் என்று முந்தின நாள் சொன்ன மனிதர், தனக்குப் பொருந்தாத ஒரு வேசத்துக்குள் தானே நடந்துவந்து சிக்கிக்கொண்டு நின்றார்.

நான் திரைப்பக்கம் பார்த்தேன். ராபியா டீச்சர் எங்கள் பக்கம் திரும்பி நின்றிருந்தார். நடிக்கும்போது அவர் முகத்தை நான் பார்த்தது அன்றுதான். அந்த முகம் எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது.

தட்டோடு ஒரு அடி முன்னால் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி, “அண்ணாச்சி, நாடகம் இன்னும் முடியல. நான் கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஒண்ணும் ஆகாது” என்றேன். குனிந்து கேட்டார். தலையை ஆட்டினார்.

பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தேன்.

“வாங்கண்ணே. நல்ல நேரத்துக்கு வந்தீக. இன்னைக்கு என் வீட்டுல நியாயம் கேக்க நாதியில்லியேன்னு நெனச்சேன். பெறந்த வீட்டுல இருந்து எங்க அண்ணன் வந்துட்டாக.”

புருசன் தப்பு செய்தால் கேட்க வருகிறவன் கூடப்பிறந்தவன்தானே. குற்றவாளி நிற்கும் இடத்திலிருந்து அவரைத் தூக்கி நியாயக்காரர் நிற்கும் இடத்தில் வைத்தேன். சிரித்துக்கொண்டிருந்த மண்டபம் சட்டென்று கை தட்டியது. பின்வரிசையில், சுவரோரமாக, வயல்காட்டுப் பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து கைதட்டல் நிற்கவே இல்லை. யார் யாருக்கு அண்ணன் ஆகிவிட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

விழா நாற்காலியை நானே இழுத்துப் போட்டு, “உக்காருங்கண்ணே” என்றேன். உட்கார்ந்தார். உறவு ஆயிற்று, இருக்கை ஆயிற்று. இனிக் கேள்வி.

எத்தனையோ கேள்வி கேட்டிருக்கலாம். சாப்பிட்டீகளா என்று கேட்டிருக்கலாம். மதினி சுகமா என்று கேட்டு அனுப்பியிருக்கலாம். நான் தெரிந்தே இதைக் கேட்டேன்:

“அண்ணே, இந்தச் சால்வைய யாருக்குப் போத்தணும்னு நான்தான் முடிவு சொல்லணும். அதுக்கு நான் பாந்தமானவளா இல்லியா? நான் இந்த வீட்டு நாச்சியாரா இல்லியா? ஊரு முன்னால நீங்க சொல்லுங்க.”

அண்ணாச்சி என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று அவருக்குத் தெரியும். மைக் அவர் முன்னால் இருந்தது. பரமசிவம் அண்ணனுக்கு அதற்குள் உயிர் வந்து, நல்ல அறிவிப்பாளராக அதை அவர் வாயருகே பிடித்துவிட்டார்.

“நாச்சியார்தான்” என்றார் மெல்ல.

“சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி, கேக்கல” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“நீங்கதான் நாச்சியாரு” என்றார் அண்ணாச்சி, மண்டபம் முழுக்கக் கேட்க. “நாச்சியாரம்மா சொன்னாச் சரிதான். யாருக்குப் போத்தச் சொல்லுதீகளோ போத்துங்க.”

நீங்க என்றார். அம்மா என்றார். முந்தின நாள் என்னைப் பார்த்துப் பேசவே மாட்டேன் என்றிருந்த வாய்.

அதோடு அவர் நின்றிருந்தால் நான் காட்சியை முடித்திருப்பேன். ஆனால் கைதட்டல் மனிதரை என்னவோ செய்துவிட்டது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, திரைப்பக்கம் திரும்பி, “எங்கவே நம்ம மாப்பிள்ளை? வெளிய வரச் சொல்லுங்க அவர. வெள்ளிக்கெழம எங்கன போறாருன்னு நான் கேக்கேன்” என்றார்.

மண்டபம் இடிந்து விழுந்துவிடும் போலிருந்தது. அவருடைய வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சுடலைமுத்து உண்மையிலேயே பயந்துபோய் வெளியே வந்தான். டீச்சர் எழுதாத ஒரு விசாரணை அங்கே நடந்தது. அண்ணாச்சி கேட்டார், சுடலைமுத்து உளறினான், நான் நடுவில் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் எழுதியிருந்தபடியே சால்வையை எடுத்துத் தேன்மொழியிடம் போனேன். “பைக்குல ஏறுனதுக்கு ஒருத்தி கல்யாணத்த நிறுத்துனேன். கார்ல போனவருக்குப் பட்டம் குடுக்க வந்தேன். என் கணக்குத் தப்பு தாயி” என்று சொல்லி அவளுக்குப் போர்த்தினேன். அண்ணாச்சிதான் முதலில் கை தட்டினார்.

திரை மூடியதும் அண்ணாச்சி உள்ளே வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சரிடம் கேட்டார்: “நான் வருவேன்னு முன்னாலயே எழுதி வச்சிருந்தியளா?”

“அண்ணாச்சி வராம இந்த நாடகம் எப்படி முடியும்?” என்றார் டீச்சர். கோபம் போய், சாதாரணத் தமிழ் வந்திருந்தது.

“அந்தப் பிள்ளையவே வச்சுக்கிடுங்க” என்றார். அதை அவர் தனியாகச் சொல்லத் தேவையே இல்லை. ஊர் முன்னால் அவர் வாயால் சொல்லியாகிவிட்டது.

அவர் போன பிறகு டீச்சர் என்னிடம் வந்தார். “குறையில்ல” என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் தலையில் இருந்த சவுரியைத் தானே கழற்றிக்கொண்டே, “ஏட்டி, நான் சொல்லிக்குடுத்ததுல கேள்விய மட்டும் நீ மாத்திட்ட” என்றார். “மாத்திட்டேன் டீச்சர்” என்றேன்.

வெளியே அம்மா நின்றிருந்தாள். “அண்ணாச்சிய உக்கார வச்சுக் கேள்வி கேட்டப்போ எந்திரிச்சு ஓடிரலாமான்னு பாத்தேன்” என்றாள். “ஓடியிருக்கலாம்லா?” என்றேன். “கை தட்டிக்கிட்டு இருந்தேன், எங்குட்டு ஓட?”

அந்த நாடகம் அதற்குப் பிறகு வேறொன்றாக மாறிவிட்டது. சங்கரன்கோவிலில் எப்போது போட்டாலும் அண்ணனாக ஏறிவருவது ஆவுடையப்பன் அண்ணாச்சியின் உரிமை ஆகிவிட்டது. செய்தி பரவி, நாங்கள் போன ஊரிலெல்லாம் அந்த நாற்காலிக்கு ஆள் போட்டி போட்டார்கள். “ஒழுக்கத்துக்கு இந்த ஊருல இவ்வளவு கூட்டமா இருக்கும்னு தெரியாமப் போச்சே” என்பார் டீச்சர். எத்தனை பெரிய மனிதர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள்! ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். ஒவ்வொருவரும் ஊர் முன்னால், “நீங்கதான் நாச்சியார்” என்றார்கள். எனக்கு அது ஒரு நாளும் சலித்ததில்லை.

மும்தாஜ், இதுதான் உன் கேள்விக்குப் பதில். உறவு, இருக்கை, கேள்வி. இதை எழுதி முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நேற்று இன்னொன்று நடந்தது, அதையும் சேர்த்துவிடுகிறேன்.

பள்ளியில் சேரப் புறப்பட்டுப் பையோடு கரிவலம் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அம்மா வழியனுப்ப வந்திருந்தாள். அண்ணாச்சியின் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. எனக்குப் பட்டுச்சேலை இல்லை, பொட்டு நகைகூட இல்லை, சாதாரணச் சுடிதார்.

“என்ன நாச்சியாரம்மா, எங்கன பயணம்?”

“பள்ளிக்கூடத்துல வேலை கெடச்சிருக்குண்ணே. தமிழ் டீச்சரு.”

“அப்படிப் போடுங்க. ரொம்பச் சந்தோசம்.” கொஞ்சம் யோசித்தார். “அப்ப இனிமே நாச்சியார் யாரு?”

“மும்தாஜுன்னு ஒரு பிள்ளை. கடையநல்லூர்.”

“யாரு, அவ உம்மா பீடி சுத்துதாகளே, அந்தப் பிள்ளையா?” என்றார் அண்ணாச்சி. “பாந்தமா இருக்குமா?”

நான் சிரித்தேன். சத்தம் போடாமல், அவர் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிக் குனிந்து கேட்கும் அளவுக்கு மட்டும் சொன்னேன்:

“ஆடிக்கு வந்து பாருங்கண்ணே. பாத்துட்டு மேடையில வச்சு நீங்களே அவகிட்டச் சொல்லுங்க.”